வேட்டைக்கத்திப் பட்டறையில் ஒரு கற்றுக்குட்டி

வேட்டைக்கத்தி செய்யும் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: எங்கே தப்பு செய்தோம் என்று யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை, கத்தியே சொல்லிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மைசூரில் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தேன். அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்து இங்கேயே ஓய்வு பெற்றவர். நான் தோல் பை தைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருந்தேன். அதை மூடிவிட்டார்கள். அப்போது ஹுன்சூர் ரோட்டில் ஒரு மர அறுவை மில்லுக்குப் பின்னால் மாச்சய்யா என்ற குடகுக்காரர் கத்திப் பட்டறை வைத்திருந்தார். ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர். வேட்டையைச் சர்க்கார் தடை செய்து வெகு காலம் ஆகியிருந்தது. ஆனாலும் எஸ்டேட்காரர்கள், கத்தி சேகரிக்கிறவர்கள், வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜெண்டு என்று வேட்டைக்கத்திக்கு ஆள் வந்துகொண்டுதான் இருந்தது. கத்திக்குத் தோல் உறை தைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். உறை தைக்கப் போனவள் கத்தியே அடிக்கக் கற்றுக்கொண்டது எப்படி என்பதுதான் கீழே வருவது. வயது முப்பதுக்கு மேல் ஆனபிறகு கையால் ஒரு வேலையைப் பழகப்போய்த் திருதிருவென்று விழித்த எல்லோருக்கும் இது புரியும். சமையலோ, தையலோ, சைக்கிள் ரிப்பேரோ, நீங்கள் எதில் விழித்திருந்தாலும் சரி.

முதல் உறை

பை தைத்த கை என்பதால் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. முதல் நாளே ஒரு உறை தைத்தேன். நல்ல கெட்டித் தோல், மெழுகு பூசிய நூல், தையல் ஒவ்வொன்றும் அளந்து வைத்தது மாதிரி. மாச்சய்யா சார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கத்தியை எடுத்து உள்ளே விட்டார். சத்தமே இல்லை. கத்தி உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. உறையின் ஓரத்தில் நான் போட்ட தையல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாயைத் திறந்தன. நூல் அறுந்ததைக் கண்ணால்தான் தெரிந்துகொண்டேன், காதுக்கு ஒன்றுமே வரவில்லை.

கத்தியின் விளிம்பு உரசும் பக்கத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைக்கவேண்டும். அந்தப் பட்டைதான் அடியைத் தாங்கிக்கொள்ளும். பையில் கத்தியை யாரும் வைக்காததால் எனக்கு இது தெரியாது. எனக்கு வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. இவ்வளவு அமைதியாக ஒரு பொருள் இன்னொரு பொருளைப் பிரிக்குமா? பிரிந்துபோன உறையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் கன்னடத்தில் சொன்னார்:

"உறை ரொம்ப அழகா இருக்கு, வசந்தாம்மா. கத்திக்குத்தான் பிடிக்கலை."

பொறி

உறை சரியாக வர ஆரம்பித்த பிறகு, நானும் ஒரு கத்தி செய்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மூலையில் கிடந்த பழைய லாரிப் பட்டை ஸ்பிரிங் ஒன்றைக் காட்டி, செல்லமுத்துவிடம் போகச் சொன்னார்.

செல்லமுத்து பட்டறையில் உலை பார்க்கிறவர். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், தமிழர்தான். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். வாய் ஓயாது. அவர் அடித்த கத்தியால் ஒருத்தன் கரடியை விரட்டினான், இன்னொருத்தன் இரும்புக் கம்பியை வெட்டினான் என்று தினம் ஒரு கதை. ஆனால் அந்த வளைந்த ஸ்பிரிங்கை உலையில் பழுக்கவைத்து அவர் சம்மட்டியால் தட்டியபோது, அத்தனை வருஷம் லாரியின் பாரத்தைச் சுமந்த இரும்பு, உருட்டக் காத்திருக்கும் சப்பாத்தி மாவு மாதிரி படுத்துக்கொண்டதை வாயைப் பிளந்து பார்த்தேன்.

அது ஆறியதும், மோட்டாரில் ஓடும் உப்புத்தாள் பட்டையில் வைத்துத் தேய்த்து விளிம்பு எடுக்கவேண்டியது என் வேலை. கை வைத்ததும் பொறி மழையாகக் கொட்டியது. அப்பா ரயில் எஞ்சினில் கரி தள்ளிய காலத்தில் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது. அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடத் தேய்த்துவிட்டேன். அதைச் சமன்செய்ய மறுபக்கம் தேய்த்தேன். மறுபடி இந்தப் பக்கம். சாயங்காலம் வரை சமன் செய்தேன். நான்கு விரல் அகலத்தில் ஆரம்பித்ததை எடுத்துக்கொண்டு போய் செல்லமுத்துவிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, மான் உரிக்கறதுக்குக் கேட்டாக்க, மல்லியப்பூக் கோக்கறதுக்குப் பண்ணி வெச்சிருக்கறீங்?"

இரும்புக்குள் ஓடிய நிழல்

கத்திக்கு உயிர் வருவது நெருப்பிலும் எண்ணெயிலும்தான். அந்த வேலைக்கு ஜன்னல்களில் எல்லாம் சாக்குத் தொங்கவிடுவார்கள். பகல் வெளிச்சம் இருந்தால் இரும்பின் நிறம் நம்மை ஏமாற்றிவிடும். என் இரண்டாவது கத்தி உலைக்குள் போனது. கருஞ்சிவப்பு, செம்பருத்திச் சிவப்பு என்று ஏறிக்கொண்டே வந்தது. செல்லமுத்து ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி அதனிடம் கொண்டுபோனார். 'டக்' என்று ஒட்டியது. இன்னும் கொஞ்சம் காற்று விட்டார். மறுபடி கொண்டுபோனார். ஒட்டவில்லை. இரும்பு, காந்தத்தை யாரென்றே தெரியாத மாதிரி இருந்தது.

"இப்பப் பாருங்" என்றார். பார்த்தேன். சிவந்த இரும்புக்குள் ஒரு நிழல் இருந்தது. மேகத்தின் நிழல் வயல் மேல் நகர்வது மாதிரி அது கத்தியின் நுனியிலிருந்து பிடிப்பக்கம் நகர்ந்துபோய் மறைந்தது. அது போனபிறகு கத்தி முழுக்க ஒரே நிறம். இரும்பின் உள்கட்டு மாறுகிற நேரம் அது என்று மாச்சய்யா சார் பிற்பாடு விளக்கினார். அந்த நேரத்தில் எனக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.  குறடால் தூக்கி, சூடாக்கி வைத்திருந்த கடலை எண்ணெயில் இறக்கினார். குபீரென்று ஒரு தீ நாக்கு, புகை, பஜ்ஜிக் கடை வாசனை.

ஆறியதும் அரத்தால் அதன் மேல் இழுத்துக் காட்டினார். சற்று முன் அரத்துக்கு வழிவிட்ட அதே இரும்பின் மேல் அரம் கண்ணாடியில் போவது மாதிரி வழுக்கியது. "எந்த அரமும் இதத் தொட முடியாதுங். இனி மலைய வெட்டலாம்" என்று பெருமையாக என் பக்கம் நீட்டும்போது, கத்தி அவர் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கண்ணாடி டம்ளர் மாதிரி மூன்று துண்டானது. எண்ணெயிலிருந்து எடுத்த கத்தியை அடுப்பில் வைத்து, வைக்கோல் நிறம் வரும் வரை மெதுவாகச் சூடுகாட்டிப் பதப்படுத்தாவிட்டால் அப்படித்தான் ஆகுமாம். அதை அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டிய நேரம் வரவில்லை, அவ்வளவுதான். குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே செல்லமுத்து சொன்னார்:

"வீராப்பு மட்டுந்தானுங் வந்திருக்குது. பொறுமை இன்னும் வரலீங்."

டிங்

அடுத்த கத்தியை நான் என் குழந்தை மாதிரி வளர்த்தேன். சமன் தப்பவில்லை, அகலம் குறையவில்லை. எண்ணெயில் இறக்கியபோது உள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பூஜை மணியை நகத்தால் தட்டிய மாதிரி, டிங். மாச்சய்யா சார் ஓட்டிக்கொண்டிருந்த தேய்க்கிற பட்டை நின்றது. செல்லமுத்துவின் வாயும் நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், பளிச்சென்றுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கத்தியின் நடுவே ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் மெல்லக் கசிந்து, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு வரைந்தது. விரிசல். அவ்வளவு நாள் உழைப்பும் அந்த முடியளவு கோட்டில் போய்விட்டது. மாச்சய்யா சார் எட்டிப் பார்த்தார்.

"போச்சு. டீ சொல்லுங்க."

இடது கை

ஒருவழியாக, உடையாமல் வெடிக்காமல் ஒரு கத்தி வந்து சேர்ந்தது. இனி தீட்டவேண்டும். தீட்டுக்கல்லில் ஒரே சாய்வில் இழுத்துக்கொண்டே இருந்தால் விளிம்பின் மறுபக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு எழும். விரலால் தடவினால் தெரியும். அதை மறுபக்கம் திருப்பி, மறுபடி இந்தப் பக்கம் திருப்பி, கடைசியில் தோல் வாரில் இழுத்து உதிர்க்கவேண்டும். நான் எவ்வளவு இழுத்தும் என் கத்தி தக்காளியைக்கூட நசுக்கத்தான் செய்தது. சாய்வு மணிக்கட்டில் இல்லை, தோளில் இருக்கிறது என்பதை உடம்பு புரிந்துகொள்ள அதற்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொண்டது.

ஒரு நாள் மத்தியானம், வழக்கம்போல நம்பிக்கை இல்லாமல் கத்தியை இடது கை முடியில் வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. முடி தானாகத் துள்ளி விழுந்தது. தோலில் கத்தி பட்டதே தெரியவில்லை. எனக்குப் புல்லரித்தது, புல்லரித்த முடியும் விழுந்தது. மறுபடி, மறுபடி என்று வைத்துப் பார்த்து முழங்கை வரைக்கும் வழித்துவிட்டேன். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் அம்மாள் வாசலில் நின்று இதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். விராஜ்பேட்டையிலிருந்து கணவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கத்தி வாங்க வந்தவர். என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அந்தக் கைக்கு எப்போம்மா முறை?"

சப்பாத்தி மாவு

நான் முதன்முதலில் பிடி போட்ட கத்தி, வலது கையில் இரண்டு விரல் இல்லாத ஒருவருக்கு. மடிக்கேரிப் பக்கம் காப்பித் தோட்டக்காரர். இளவயதில் துப்பாக்கி வெடித்துப் போன விரல்கள். "எந்தக் கத்தியும் என் கையில் சுற்றிக்கொள்கிறது, நிற்கமாட்டேன் என்கிறது" என்றார். மாச்சய்யா சார் என்னைக் காட்டி, "கையளவு எடுக்கிறது தையல்காரிக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

தோலை அளக்கலாம். இல்லாத விரலை எப்படி அளப்பது? யோசித்துவிட்டு, மறுநாள் அம்மாவிடம் சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து தரச் சொல்லி எடுத்துப்போனேன். அதை அவர் கையில் கொடுத்து, கத்தியைப் பிடிப்பதுபோல இறுக்கச் சொன்னேன். முதலில் அவர் கூச்சப்பட்டார். அந்தக் கையைப் பிறருக்குக் காட்டிப் பழக்கமில்லாதவர் என்பது தெரிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினார். விரித்தபோது மாவில் மூன்று விரல்களின் பள்ளமும், இரண்டு விரல் இருந்த இடத்தில் ஒரு மேடும் பதிந்திருந்தன. அந்த மேடும் அப்படியே வருகிற மாதிரி ஈட்டி மரத்தில் பிடியைச் செதுக்கினேன். பித்தளை ஆணி அடித்து, எண்ணெய் பூசி, தேய்த்துத் தேய்த்து மெழுகாக்கினேன்.

வாங்க வந்தவர் கத்தியைப் பிடித்தார். திருப்பினார். வேகமாக வீசினார். அது சுற்றவில்லை. அப்புறம் அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை. வாசல் தாண்டிப் போய்த் தென்னை மரத்தடியில் முதுகு காட்டி வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, நன்றி என்று ஆரம்பித்து அதை விட்டுவிட்டுச் சொன்னார்:

"என் கைக்கு ஐந்து விரலும் இருக்குன்னு இது நினைச்சுக்கிட்டிருக்கு. யாரும் சொல்லிடாதீங்க."

பஸ்ஸில்

கூடலூர் எஸ்டேட் ஒன்றுக்குக் கத்திகளைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. செல்லமுத்துவுக்குக் காய்ச்சல், நான் தனியாகப் போனேன். காட்டுக்குள் சந்தனக் கடத்தல்காரனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் காட்டோரச் சாலைகளில் சோதனை கடுமை. குண்டலுபேட்டை தாண்டி ஒரு இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். என் பையைத் திறந்த போலீஸ்காரரின் முகம் மாறியது. உள்ளே வரிசையாக வேட்டைக்கத்திகள். என்னை இறக்கி அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள். 

"யார் கொடுத்தனுப்பினாங்க?" என்று கேட்டார். "நானே செஞ்சது சார்" என்றேன். "உண்மையைச் சொல்லும்மா" என்றார். வேறு வழி தெரியாமல் இரண்டு கைகளையும் நீட்டினேன். நகக்கண்ணில் கரி, விரலில் தழும்பு, வழித்துவைத்த இடது கை. அவர் பார்த்தார். உள்ளே போய் ஒரு அரிவாளை எடுத்துவந்தார். முகாமில் புதர் வெட்ட வைத்திருந்தது, விளிம்பெல்லாம் பல். "இதைத் தீட்டு, பார்க்கலாம்" என்றார். நல்லவேளை, பையில் கல் இருந்தது.

பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து தீட்ட ஆரம்பித்தேன்.  கொஞ்ச நேரத்தில் கல்லில் அந்த ஓசை சீராக வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிச் சுற்றி நின்றார்கள். டிரைவரும் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தார். தீட்டியதைக் கொடுத்தேன். அதிகாரி பக்கத்து மூங்கில் கிளையில் ஒரு வீச்சு வீசினார். கிளை ஒரு கணம் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகுதான் விழுந்தது. பையைத் தானே மூடி என் கையில் கொடுத்தார். நான் சீட்டில் போய் உட்கார்ந்ததும், பின்சீட்டிலிருந்து ஒரு தமிழ்க்கார அம்மாள் தோளைத் தொட்டார்:

"ஏம்மா, இந்த எலுமிச்சம்பழத்த ரெண்டா வெட்டிக் குடேன். மலை ஏறினா எனக்கு வாந்தி வந்துரும்."

யானை

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு கால்நடை டாக்டர் உண்டு. தமிழர்தான், சாமராஜநகர் பக்கம் வேலை. ஒரு காலை அவரிடமிருந்து பட்டறைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபோன் வந்தது. காட்டு விளிம்பில் ஒரு யானை இறந்துகிடக்கிறது, அறுத்துப் பரிசோதிக்கவேண்டும், இருக்கிற கத்தியெல்லாம் யானைத் தோலில் மழுங்கிப்போகிறது, கத்திகளையும் தீட்ட ஒரு ஆளையும் அனுப்பமுடியுமா என்று கேட்டார். மாச்சய்யா சார் ஜீப்பை எடுத்தார். செல்லமுத்துவும் நானும் ஏறிக்கொண்டோம்.

ஒரு சோளக்காட்டுக்கு அப்பால் அது படுத்திருந்தது. பாறை என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் அதன் நெற்றியில் மஞ்சள் குங்குமம் இட்டு, செவ்வந்திப் பூ வைத்து, தேங்காய் உடைத்திருந்தார்கள்.  எப்போதும் பேசுகிற செல்லமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். நாங்கள் இருவரும் ஒரு புளியமரத்தடியில் கல்லைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். டாக்டரும் அவர் ஆட்களும் அறுக்க, மழுங்கிய கத்தி எங்களிடம் வரும், தீட்டிய கத்தி அங்கே போகும். அந்தத் தோல், மணலும் சேறும் காலகாலமாக ஊறிய தோல். முடியை வழிக்கிற விளிம்பையும் கொஞ்ச நேரத்தில் தின்றுவிட்டது. நான் செய்த கத்தியும் அதில் ஒன்று. மழுங்கியது, ஆனால் வளையவில்லை, பல் விழவில்லை. ஒவ்வொரு முறை என் மடிக்கு அது திரும்பி வந்தபோதும், அந்தப் பெரிய உடம்பைத் தொட்டுவிட்டு வருகிறது என்ற நினைப்பில் என் கை தானாக மெதுவாகிவிடும்.

வெயில் சாயும்போது டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். குண்டு இல்லை, விஷம் இல்லை, காயம் இல்லை என்றார். வயிற்றில் மட்டும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. யானையின் வாயைத் திறந்து உள்ளே விளக்கு அடித்துக் காட்டினார். செங்கல் அளவுக்கு இருக்கவேண்டிய கடைவாய்ப் பல், ஆற்றுக் கல் மாதிரி வழவழவென்று தேய்ந்து கிடந்தது. யானைக்குப் பல் தேயத் தேயப் புதிது வருமாம், ஆனால் அதற்கும் ஒரு கடைசி உண்டாம். அதுவும் தேய்ந்துவிட்டால், சுற்றிலும் காடு முழுக்கத் தழை இருந்தாலும் மென்று விழுங்கமுடியாது. இந்தக் கிழட்டு யானை அப்படித்தான் நின்று நின்று கடைசியில் படுத்திருக்கிறது.  என் சேலைத் தலைப்பெல்லாம் தீட்டுக்கல்லின் தூள். டாக்டர் அதைப் பார்த்தார், அந்தப் பல்லை ஒருமுறை விரலால் தடவினார்.

"நாள் பூரா நீங்க எங்க கத்திக்குத் தீட்டுனீங்க. பாவம், இதுக்குத் தீட்டத்தான் ஆள் கிடைக்கல."

இத்தனைக்கும் பிறகு சொல்லக்கூடியது ஒன்றுதான்: கத்தி செய்ய எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டேன், ஆனால் எதைப் பார்த்தாலும் வேலையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்கிற பழக்கத்தை விடுவதற்கு மட்டும் எந்தப் பட்டறையிலும் சொல்லிக்கொடுக்கமாட்டேன் என்கிறார்கள்.